பனிக்குடச் சவ்வு செல்லுக்குச் சொல்வது என்ன?

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் செம்மைப்படுத்திய எழுத்து வடிவம்)



தமிழில் அறிவியல் பேசுவதற்கென்றே ஓர் அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தாருக்கும், அதைத் தொடர்ந்து நடத்திவரும் துறைக்கும் முதலில் என் நன்றி. கருவிழி அறுவைச் சிகிச்சையிலும் செல்வளர்ப்பு ஆய்விலும் பணியாற்றி வருகிறேன். அறுவை அரங்கில் நான் கையாளும் ஒரு பொருளைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன்.

குழந்தை பிறந்ததும் நஞ்சுக்கொடி வெளியே வருகிறது. பனிநீரைத் தாங்கியிருந்த மெல்லிய பனிக்குடச் சவ்வும் அதோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. நம் மருத்துவமனைகளில் இரண்டும் மஞ்சள் பைக்குள் போய், மருத்துவக் கழிவாக எரிக்கப்படுகின்றன. அந்தச் சவ்வைக் கழுவிப் பிரித்துக் காயத்தின் மேல் வைத்தால் வலி குறைகிறது, சிவப்பு தணிகிறது, தழும்பு குறைகிறது என்பதை மருத்துவர்கள் நூறாண்டுக்கு மேலாகக் கண்டுவருகிறார்கள். 1910இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் ஜே. டபிள்யூ. டேவிஸ் கருவுறைகளைத் தோல் ஒட்டுக்குப் பயன்படுத்தியதை எழுதினார். 1913இல் ஸ்டெர்ன், சபெல்லா ஆகியோர் தீக்காயங்களிலும் புண்களிலும் பயன்படுத்தியதைப் பதிவுசெய்தனர். 1940இல் டி ரோத் அதைக் கண் சிகிச்சைக்குக் கொண்டுவந்தார். 1946இல் இங்கிலாந்தில் சோர்ஸ்பியும் சைமன்ஸும் காரம் பட்டு வெந்த கண்களுக்கு அதை வைத்தனர். பிறகு நீண்ட காலம் கண் மருத்துவம் அதை ஏறக்குறைய மறந்தது. 1995இல் கிம், ஷெஃபர் செங் ஆகியோர் முயல்களின் கருவிழியில் செய்த ஆய்வுக்குப் பிறகுதான் அது உலகமெங்கும் அறுவை அரங்குகளுக்குத் திரும்பியது.

பயன்படுகிறது என்பது பழைய செய்தி. எதனால் பயன்படுகிறது என்பது கடந்த முப்பது ஆண்டுகளில்தான் துலங்கத் தொடங்கியது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பனிக்குடத் திசுவிலிருந்து பெறும் பொருள்கள் காயத்துக்குப் புதிய திசுவைக் கொடுத்து அதை ஆற்றுவதில்லை. காயத்தில் ஏற்கெனவே இருக்கும் செல்களுக்குத் தழும்பை உண்டாக்கும்படி வந்துகொண்டிருக்கும் ஆணையை அவை தணிக்கின்றன. அந்தத் தணிக்கும் ஆற்றல் சவ்வின் மேற்செல்களுக்குக் கீழே உள்ள இழைமத்திலும், அதில் பிணைந்திருக்கும் பெரிய மூலக்கூறுகளிலும், செல்களின் சுரப்பிலும் தங்கியிருக்கிறது. அவை எளிதில் சிதையக்கூடியவை. ஆகவே சவ்வை எப்படி எடுத்தோம், எப்படிப் பதப்படுத்தினோம் என்பதைக் கேட்காமல் அதன் மருத்துவப் பயனைப் பற்றிப் பேச முடியாது. இதை எட்டுக் கூறுகளாக விளக்குகிறேன்.

1. தழும்பு என்பது முடிவுக்கு வராத பழுதுபார்ப்பு

காயம் பட்ட இடத்துக்கு வரும் வெள்ளணுக்களில் முதலில் வந்து சேர்வன நியூட்ரோஃபில்கள். அவற்றைத் தொடர்ந்து மேக்ரோஃபேஜ்கள் வருகின்றன. கிருமிகளையும் இறந்த செல்களையும் விழுங்குவது இவற்றின் வேலை. இதுதான் அழற்சி. அழற்சி இல்லாமல் காயம் ஆறாது. ஆனால் இந்த மேக்ரோஃபேஜ்களும் இரத்தத் தட்டுகளும் டி.ஜி.எஃப்-பீட்டா என்ற புரதத்தையும் வெளியிடுகின்றன. அருகிலுள்ள நார்ச்செல்களின், அதாவது ஃபைப்ரோபிளாஸ்ட்களின், மேற்பரப்பில் இருக்கும் ஏற்பியை அது பற்றிக்கொள்கிறது. செல்லுக்குள் ஸ்மாட் 2, ஸ்மாட் 3 என்னும் புரதங்கள் பாஸ்பேட் ஏற்று உட்கருவுக்குள் நுழைகின்றன. கொலாஜன் மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றன.

அத்தோடு நார்ச்செல்லின் இயல்பே மாறுகிறது. தசைச் செல்லுக்கு உரிய ஆல்ஃபா மென்தசை ஆக்டின் என்ற இழை அதற்குள் உருவாகிறது. அந்தச் செல் இப்போது சுருங்கும், இழுக்கும். 1971இல் காப்பியானியும் அவருடைய குழுவினரும் விவரித்த இந்தச் செல்லை மையோஃபைப்ரோபிளாஸ்ட் என்கிறோம். காயத்தின் வாயை இழுத்து மூடுவது அதுதான். வேலை முடிந்ததும் அது தானாக மடிந்துவிட வேண்டும்.

மடியாமல் தங்கினால் என்ன ஆகும்? கொலாஜன் குவிந்து திசு விறைக்கிறது. திசுவில் செயலற்ற வடிவில் கட்டுண்டு கிடக்கும் டி.ஜி.எஃப்-பீட்டாவை, விறைப்பான தளத்தில் நின்று இழுக்கும் மையோஃபைப்ரோபிளாஸ்டே விடுவிக்கிறது. விடுபட்டது மேலும் பல செல்களை மையோஃபைப்ரோபிளாஸ்ட்களாக மாற்றுகிறது. அழற்சி எப்போதோ ஓய்ந்திருந்தாலும் இந்தச் சுழற்சி தன்னைத்தானே நடத்திக்கொள்ளும். கல்லீரலில் இது சிரோசிஸ். நுரையீரலில் மூச்சைப் பறிக்கும் நார்ப்பெருக்கம். தோலில் கெலாய்டு. கண்ணில் ஒளி புகாத வெண்தழும்பு. உறுப்புக்கு உறுப்பு பெயர் மாறினாலும், ஆணையும் அதை ஏற்கும் செல்லும் பெரிதும் ஒன்றே.

2. சவ்வு எத்தகைய திசு

இந்தச் சவ்வு தாயின் திசு என்று பலர் எண்ணுகிறார்கள். அது குழந்தையின் திசு. கருவுற்ற எட்டாம் நாளை ஒட்டி, பிற்பாடு குழந்தையின் உடலாக வளரப்போகும் அதே எபிபிளாஸ்ட் அடுக்கிலிருந்து அது பிரிந்து உருவாகிறது. தடிப்பு 0.02 முதல் 0.5 மில்லிமீட்டர் வரை. பனிநீரைப் பார்த்தபடி ஒற்றை வரிசையில் மேற்செல்கள். அவற்றின் கீழே உறுதியான அடித்தளச் சவ்வு. அதன் கீழே இழைமத்தின் அடுக்குகள்: செறிவான அடுக்கு, நார்ச்செல் அடுக்கு, பஞ்சு போன்ற அடுக்கு. இரத்தக் குழாய் இல்லை, நரம்பு இல்லை, நிணநீர்க் குழாய் இல்லை.

தந்தையின் மரபணுக்களையும் தாங்கிய இந்தத் திசுவைத் தாயின் எதிர்ப்பாற்றல் ஒன்பது மாதங்கள் தாக்காமல் இருக்க வேண்டும். அதன் மேற்செல்கள் எச்.எல்.ஏ-ஜி என்னும் புரதத்தை ஏந்தியிருக்கின்றன. எதிர்ப்பாற்றல் செல்களை அமைதிப்படுத்துவது அதன் பணி. 1981இல் அக்லேயும் அவருடைய குழுவினரும் பனிக்குட மேற்செல்களைத் தன்னார்வலர்களின் தோலுக்கு அடியில் வைத்துப் பார்த்து, கடும் நிராகரிப்பு நேரவில்லை என்று லான்செட் இதழில் எழுதினர். ஒருவரின் சவ்வை இன்னொருவரின் கண்ணில், எதிர்ப்பாற்றலை ஒடுக்கும் மருந்து தராமல் வைக்க முடிவது இந்த இயல்பினால்தான்.

இன்னொரு செய்தியும் இங்கே சேர வேண்டும். கருவின் தோல் தன் வளர்ச்சியின் முற்பகுதியில் காயத்தைத் தழும்பில்லாமல் ஆற்றிக்கொள்கிறது. அந்தக் காயங்களில் அழற்சி குறைவு, ஹயலூரோனன் என்னும் நீர்பிடிக்கும் நெடுஞ்சர்க்கரை மிகுதி, டி.ஜி.எஃப்-பீட்டாவின் மூன்று வகைகளில் மூன்றாவது வகை ஓங்கியிருக்கிறது. இதைக் கண்டவர்கள் அந்த மூன்றாம் வகைப் புரதத்தை மட்டும் தனியே தயாரித்துத் தழும்புக்கு மருந்தாக்க முயன்றார்கள். அவோடெர்மின் எனப்பட்ட அந்த மருந்து 2011இல் மூன்றாம் கட்டச் சோதனையில் தோற்றது. கருவின் திசு செய்வதை ஒரே மூலக்கூற்றால் செய்துவிட முடியவில்லை. பல கூறுகளை அவற்றின் இயல்பான பிணைப்போடு தாங்கியிருக்கும் சவ்வின் மீது ஆய்வாளர்களின் கவனம் நிலைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

3. நார்ச்செல்லிடம் அது சொல்வது

கருவிழியின் நார்ச்செல்களை எடுத்துப் பிளாஸ்டிக் தட்டில் வளர்த்தால், அந்தக் கடினமான தளத்தில் அவை காயத்தில் இருப்பதைப் போலவே நடந்துகொள்கின்றன. தட்டையாகப் பரவுகின்றன. மென்தசை ஆக்டினை உண்டாக்கத் தொடங்குகின்றன. அதே செல்களைப் பனிக்குடச் சவ்வின் இழைமப் பக்கத்தில் வளர்த்துப் பார்த்தது செங்கின் குழு. 1999இல் வெளிவந்த அந்த ஆய்வில் டி.ஜி.எஃப்-பீட்டாவின் வகைகளும், அதை ஏற்கும் இரண்டாம் வகை ஏற்பியும், மையோஃபைப்ரோபிளாஸ்டாக மாறும் போக்கும் தணிந்தன.

இதன் பொருளைக் கவனியுங்கள். தழும்பைத் தடுக்க நாம் பயன்படுத்தும் பல மருந்துகள் செல் பெருகுவதைத் தடுப்பவை. மைட்டோமைசின் அத்தகையது. அது செல்லின் டி.என்.ஏ.வைத் தாக்குகிறது. சவ்வு அப்படிச் செய்யவில்லை. ஆணையை அனுப்பும் புரதமும் குறைகிறது, ஆணையைக் கேட்கும் ஏற்பியும் குறைகிறது. செல் உயிரோடு இருக்கிறது. தழும்பாக்கும் வேலையை மட்டும் விட்டுவிடுகிறது.

2000இல் இதே குழு, கண்ணில் சதை வளர்ச்சி என்று நாம் சொல்லும் நோயின் திசுவிலிருந்து நார்ச்செல்களை எடுத்துச் சவ்வில் வளர்த்தது. இயல்பாகவே வேகம் மிகுந்த அந்தச் செல்களிலும் டி.ஜி.எஃப்-பீட்டா வழி அடங்கியது. 2003இல் வந்த ஆய்வு, கருவிழிக்கே உரிய கெரட்டோசைட் செல்கள் சவ்வின் மேல் தம் கிளைத்த வடிவத்தையும், கெரட்டோகேன் என்னும் அடையாளப் புரதத்தையும் காத்துக்கொள்வதைக் காட்டியது.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது 2008இல் வந்த ஆய்வு. சவ்வின் இழைமத்தை அரைத்து எடுத்த சாற்றை, ஏற்கெனவே மையோஃபைப்ரோபிளாஸ்ட்களாக மாறிவிட்ட செல்களுக்குக் கொடுத்தார்கள். அவை பழைய நார்ச்செல் நிலைக்குத் திரும்பின. மாறாமல் தடுப்பது ஒன்று, மாறியதை மீட்பது வேறொன்று. முழுச் சவ்வு தேவைப்படாமல் அதன் சாறே இதைச் செய்தது என்பதால், இழைமத்தில் கரைந்து வெளிவரக்கூடிய ஏதோ ஒரு பொருள் வேலை செய்கிறது என்பதும் தெளிவாயிற்று.

4. அழற்சியிடம் அது சொல்வது

நார்ப்பெருக்கத்துக்கு எண்ணெய் ஊற்றுவது அழற்சி. சவ்வு அங்கேயும் தலையிடுகிறது. 2001இல் சாலமனும் செங்கும் அவர்களுடைய குழுவினரும் கருவிழி விளிம்பின் மேற்செல்களைச் சவ்வின் இழைமத்தில் வளர்த்தனர். அழற்சியைத் தூண்டும் இன்டர்லூக்கின்-1 ஆல்ஃபா, இன்டர்லூக்கின்-1 பீட்டா ஆகிய இரண்டும் அந்தச் செல்களில் குறைந்தன. பாக்டீரியாவின் உறையிலிருந்து எடுக்கும் நச்சைச் சேர்த்துத் தூண்டியபோதும் குறைவாகவே இருந்தன.

2000இல் ஹாவோவும் அவருடைய குழுவினரும் சவ்வின் செல்களில் என்னென்ன இருக்கின்றன என்று தேடினர். இன்டர்லூக்கின்-1 ஏற்பியை மறித்து நிற்கும் புரதம், இன்டர்லூக்கின்-10, திசுவை அரிக்கும் நொதிகளை அடக்கும் டிம்ப் புரதங்கள், புதிய இரத்தக் குழாய் முளைப்பதைத் தடுக்கும் த்ராம்போஸ்பாண்டின்-1 ஆகியவை கிடைத்தன. 2001இல் ஜப்பானிலிருந்து ஷிம்முராவின் குழு வேறொன்றைக் கண்டது. அழற்சியுற்ற கண்ணில் வைத்த சவ்வுக்குள் வெள்ளணுக்கள் சிக்கிக்கொள்கின்றன. சிக்கியவை ஒழுங்கான முறையில் மடிகின்றன. நியூட்ரோஃபில் வெடித்துச் சிதறினால் அதன் நொதிகள் சுற்றுத்திசுவைக் கரைக்கும். ஒழுங்காக மடிந்தால் மேக்ரோஃபேஜ் அதை விழுங்கிவிடும். விழுங்கும் அந்தச் செயலே மேக்ரோஃபேஜைத் தாக்கும் நிலையிலிருந்து ஆற்றும் நிலைக்குத் திருப்பும் தூண்டல்களில் ஒன்று.

5. அந்த ஆணை எந்த மூலக்கூற்றில் இருக்கிறது

சவ்வின் சாற்றைப் பகுத்துப் பகுத்துப் பார்த்த செங்கின் குழு 2009இலும் அதற்குப் பின்னும் ஒரு கூட்டுப்பொருளைப் பிரித்தெடுத்தது. அதன் முதுகெலும்பு மிக நீண்ட ஹயலூரோனன் இழை. இரத்தத்தில் இருக்கும் இன்டர்-ஆல்ஃபா இன்ஹிபிட்டர் என்ற புரதத்தின் கனச் சங்கிலிகள் அதில் வேதிப் பிணைப்பால் கோக்கப்பட்டிருக்கின்றன. பென்ட்ராக்சின்-3 என்ற இன்னொரு புரதம் அதைக் கட்டி நிறுத்துகிறது. பென்ட்ராக்சினைச் சவ்வின் செல்களே இடைவிடாமல் உண்டாக்குகின்றன என்பது 2012இல் உறுதியானது.

பிரித்தெடுத்த இந்தக் கூட்டுப்பொருளைச் செல்களுக்குக் கொடுத்தபோது, சவ்வு செய்த வேலைகளில் பலவற்றை அது தனியாகச் செய்தது. டி.ஜி.எஃப்-பீட்டா 1 மரபணு இயங்கத் தொடங்கும் இடத்திலேயே அதைத் தணித்தது. தூண்டப்பட்ட நியூட்ரோஃபில்களை ஒழுங்காக மடியச் செய்தது. மேக்ரோஃபேஜ்களில் இன்டர்லூக்கின்-12ஐக் குறைத்து, இன்டர்லூக்கின்-10ஐக் கூட்டியது.

உயிரியல் இந்தக் கூட்டை இன்னொரு மென்மையான இடத்திலும் பயன்படுத்துகிறது. சினைப்பையிலிருந்து வெளிவரும் கருமுட்டையைச் சூழ்ந்த கூழும் ஹயலூரோனனோடு கனச் சங்கிலியும் பென்ட்ராக்சின்-3உம் சேர்ந்த அமைப்புதான். பென்ட்ராக்சின்-3 இல்லாத பெண் சுண்டெலிகளில் அந்தக் கூழ் நிலைகுலைகிறது, கருவுறும் திறன் குன்றுகிறது. கருமுட்டையைக் காக்கும் பொருளும் கருவைச் சூழும் சவ்வின் பொருளும் ஒரே அமைப்பைக் கொண்டிருப்பது, இது தற்செயலாக அங்கே தங்கிய கழிவு அல்ல என்பதை உணர்த்துகிறது.

என் கருத்துக்கு அச்சாணியான செய்தி இதுதான்: ஹயலூரோனன் நீண்ட இழையாக இருக்கும்போது அழற்சியைத் தணிக்கிறது. அதே ஹயலூரோனன் துண்டுதுண்டாக நறுங்கினால், அந்தத் துண்டுகளைச் செல் ஆபத்தின் அடையாளமாக எடுத்துக்கொள்கிறது. கிருமியை உணரும் டோல் வகை ஏற்பிகள் வழியாக அழற்சி மூள்கிறது. வேதியியல் கூறு ஒன்றே. நீளம் மாறியதும் ஆணை தலைகீழாகிறது. ஒரு தயாரிப்பில் ஹயலூரோனன் இருக்கிறது என்று உறையில் அச்சிடுவதால் மட்டும் நமக்கு எதுவும் தெரிந்துவிடாது. எந்த நீளத்தில், எதோடு பிணைந்து இருக்கிறது என்பதே கேள்வி.

6. செல்களைச் செலுத்தினால் என்ன நடக்கிறது

இதுவரை இழைமத்தைப் பற்றிப் பேசினேன். சவ்வின் உயிருள்ள செல்களைப் பிரித்து உடலுக்குள் செலுத்தும் ஆய்வு இன்னொரு கிளை. பனிக்குட மேற்செல்களுக்குத் தண்டுச் செல்லின் சில பண்புகள் உண்டு என்று 2005இல் பிட்ஸ்பர்க்கிலிருந்து மிக்கியின் குழு காட்டியதும், இவை புதிய நுரையீரலாகவும் கல்லீரலாகவும் வளர்ந்து இடத்தை நிரப்பும் என்ற எதிர்பார்ப்பு பெருகியது.

ஆய்வு காட்டியது வேறு. ஆஸ்திரேலியாவில் மொனாஷ் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த குழுக்கள், பிளியோமைசின் கொடுத்து நுரையீரலில் நார்ப்பெருக்கம் உண்டாக்கிய சுண்டெலிகளுக்கும், கார்பன் டெட்ராகுளோரைடால் கல்லீரல் கெட்ட சுண்டெலிகளுக்கும் இந்தச் செல்களைச் செலுத்தின. கொலாஜன் குறைந்தது, டி.ஜி.எஃப்-பீட்டா குறைந்தது. உறுப்பில் தங்கி நின்ற செல்களோ மிகக் குறைவு. இத்தாலியின் பிரெஷாவில் ஒர்னெல்லா பரோலினியின் குழு பனிக்குடச் சவ்வையே ஒரு ஒட்டுத்துண்டாக எலியின் கல்லீரல் மேல் வைத்தது. பித்தக் குழாய் அடைபட்ட அந்த எலிகளில் கல்லீரலின் நார்ப்பெருக்கம் தணிந்தது. செல்களை வளர்த்த திரவத்தை மட்டும், செல் எதுவும் இல்லாமல் கொடுத்தபோதும் நுரையீரலில் நற்பயன் தெரிந்தது. ஆகச் செல்கள் காலியிடத்தை நிரப்பி ஆற்றவில்லை. அவை சுரந்து அனுப்பியதே ஆற்றியது. இழைமம் வழியே நாம் வந்து சேர்ந்த முடிவுக்குத்தான் செல்கள் வழியேயும் வந்து சேர்கிறோம்.

2018இல் மொனாஷ் குழு, குறைமாதத்தில் பிறந்து நுரையீரல் கெட்ட ஆறு குழந்தைகளுக்கு இந்தச் செல்களைச் செலுத்திய முதல் பாதுகாப்பு ஆய்வை வெளியிட்டது. முதல் குழந்தைக்குச் செலுத்தும்போது இதயமும் மூச்சும் சற்று நேரம் தடுமாறின. செல் திரள்கள் நுரையீரல் குழாய்களில் தங்கியிருக்கலாம் என்று கருதிய மருத்துவர்கள், வடிகட்டி பொருத்தி, வேகத்தைக் குறைத்து, மற்றக் குழந்தைகளுக்குத் தொடர்ந்தனர். இதுதான் நேர்மையான அறிவியலின் நடை. நடந்ததை எழுதினார்கள், முறையைத் திருத்தினார்கள், பாதுகாப்பு என்பதற்கு மேல் எதையும் உரிமை கொண்டாடவில்லை.

மாணவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பிளியோமைசின் கொடுத்த சுண்டெலியின் நுரையீரல் பெரும்பாலும் நாளடைவில் தானாகவே தேறிவிடும். மனிதரின் நுரையீரல் நார்ப்பெருக்க நோய் அப்படித் தேறாது. சுண்டெலியில் வென்ற பல மருந்துகள் மனிதரில் தோற்றிருக்கின்றன. செல்வளர்ப்புத் தட்டிலிருந்து நோயாளியின் படுக்கை வரை உள்ள தூரத்தை ஆர்வத்தால் சுருக்கிவிட முடியாது.

7. நோயாளியின் கண்ணில் அது எவ்வளவு நிற்கிறது

கண்தான் இந்தச் சவ்வு மிக நீண்ட காலம் சோதிக்கப்பட்ட உறுப்பு. நம் நாட்டின் பங்களிப்பும் இங்கே பெரிது.

வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பைப் பிளாஸ்டிக் பொட்டலத்தில் விற்கிறார்கள். குழந்தை அதை வைத்து விளையாடும்போது அழுத்தி வெடித்தால் சுண்ணாம்பு கண்ணுக்குள் தெறிக்கிறது. காரம் செல் உறைகளின் கொழுப்பைச் சோப்பாக்கிக்கொண்டே உள்ளே இறங்கும். கருவிழி விளிம்பில் இருக்கும் தண்டுச் செல்கள் அழிகின்றன, அழற்சி பொங்குகிறது, வாரங்கள் கழித்து இமை கண்ணோடு ஒட்டிக்கொள்கிறது. உடனே நல்ல தண்ணீரால் விடாமல் கழுவுவதும், துகள்களை அகற்றுவதும்தான் முதல் சிகிச்சை. எந்தச் சவ்வும் அதற்கு ஈடாகாது.

அதன் பிறகு சவ்வு எவ்வளவு உதவும்? புதுடெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள், வேதிப்பொருளாலும் வெப்பத்தாலும் வெந்த 100 கண்களில் ஒப்பீட்டுச் சோதனை செய்து 2011இல் வெளியிட்டனர். மிதமான காயங்களில் சவ்வு வைத்த கண்களின் மேற்செல் அடுக்கு விரைவாக மூடியது. ஆனால் இறுதிப் பார்வையிலும், கருவிழித் தெளிவிலும், இமை ஒட்டிக்கொள்வதைத் தடுப்பதிலும், மருந்து மட்டும் பெற்றவர்களைவிடத் திட்டவட்டமான நீண்டகால மேன்மை தெரியவில்லை. ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோயில் நிலை வேறு. மருந்து ஒவ்வாமையால் தோலும் கண்ணும் கொப்புளித்து உரியும் அந்த நோயில், தொடக்க நாள்களிலேயே சவ்வை வைத்தால் கண் நன்கு காக்கப்படுகிறது என்று எய்ம்ஸ் மருத்துவர்களே 2016இல் வெளியிட்ட சோதனை காட்டியது.

சதை வளர்ச்சிக்கு வருவோம். மூன்றாம் கூறில், அந்தத் திசுவின் நார்ச்செல்கள் சவ்வின் மேல் அடங்கியதைச் சொன்னேன். அப்படியானால் அறுவைக்குப் பின் சவ்வை வைத்தால் சதை மீண்டும் வளரக் கூடாதல்லவா? ஆனால் நோயாளியின் சொந்த இமையிணைப்படலத்தை ஒட்டும்போது வளர்வதைவிட, சவ்வை வைத்தபோது அதிகமாகவே திரும்ப வளர்கிறது என்று பல சோதனைகளைத் தொகுத்துப் பார்த்து 2016இல் வந்த காக்ரேன் மீளாய்வு முடிவுசெய்தது.

பயன் தெரிந்தவை, தெரியாதவை என்ற இந்த இரண்டு வகை முடிவுகளையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு பாடம் கிடைக்கிறது. சவ்வு கண்ணின் மேல் சில வாரங்களே நிற்கும். பிறகு கரைந்துவிடும். அது சொல்லும் ஆணையும் அத்தோடு முடிகிறது. குறுகிய காலத்தில் கொந்தளித்து அடங்கும் அழற்சியில், அந்தச் சில வாரங்களே பார்வையைக் காக்கும் காலம். ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய் அத்தகையது. தண்டுச் செல்களே அழிந்துபோன கண்ணிலோ, மாதக்கணக்கில் தூண்டல் தொடரும் நோயிலோ, ஆணையைத் தணிப்பது மட்டும் போதாது. இழந்த செல்லை வேறு வழியில் தர வேண்டும். ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் நிலையத்தின் வீரேந்தர் சங்வானும் அவருடைய குழுவினரும் 2012இல் வெளியிட்ட எளிய முறை இதை அழகாகப் பிரித்துக் காட்டுகிறது. நல்ல கண்ணின் விளிம்பிலிருந்து சிறு துண்டு ஒன்றை எடுத்து, நுண்துணுக்குகளாக நறுக்கி, கெட்ட கண்ணில் விரித்த பனிக்குடச் சவ்வின் மேல் ஒட்டுகிறார்கள். செல்லைத் தருவது நோயாளியின் சொந்தக் கண். அது வேரூன்றத் தக்க அமைதியான தளத்தைத் தருவது சவ்வு.

8. பதப்படுத்தும் முறையே மருந்தின் தன்மையைத் தீர்மானிக்கிறது

சவ்வைச் சேமிக்கப் பல வழிகள் உண்டு. 1997இல் லீயும் செங்கும் விவரித்தபடி, கிளிசரால் கலந்த ஊடகத்தில் மைனஸ் 80 பாகையில் உறைய வைக்கலாம். உறைய வைத்து ஈரத்தை உறிஞ்சலாம். காற்றில் உலர்த்திக் காமாக் கதிரால் கிருமி நீக்கலாம். மும்பையின் டாட்டா நினைவு மருத்துவமனைத் திசு வங்கி 1988 முதல் இயங்கிவருகிறது. உறைய வைத்து உலர்த்தி, காமாக் கதிரால் தூய்மைப்படுத்திய பனிக்குடச் சவ்வைக் காயங்களுக்கும் தீக்காயங்களுக்கும் அது வழங்குகிறது. உலர்ந்த சவ்வைக் குளிர்பெட்டி இல்லாத ஊருக்கும் அனுப்பலாம். நம் நாட்டுக்கு அது பெரிய நன்மை.

உறைய வைத்த சவ்வில் செல்கள் இறந்துவிடுகின்றன என்று 2000இல் க்ரூஸேயும் அவருடைய குழுவினரும் காட்டினர். அப்படியிருந்தும் அது பயன்படுகிறது. ஆணை இழைமத்தில் இருக்கிறது என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டியதில்லை. ஆனால் இழைமமும் எல்லாச் சவ்விலும் ஒன்றல்ல. 2006இல் நாட்டிங்ஹாமிலிருந்து ஹாப்கின்சனும் அவருடைய குழுவினரும், ஒரு தாயின் சவ்வுக்கும் இன்னொரு தாயின் சவ்வுக்கும் இடையே டி.ஜி.எஃப்-பீட்டாவின் அளவு வேறுபடுவதையும், கழுவிக் கையாளும் முறையால் அந்த அளவு மாறுவதையும் எடுத்துக்காட்டினர். ஆம், எந்தப் புரதத்தின் ஆணையைச் சவ்வு தணிக்கிறதோ, அதே புரதம் சவ்வுக்குள்ளும் இருக்கிறது. எது கழுவப்பட்டுப் போகிறது, எது தங்குகிறது என்பதைப் பொறுத்து, கையில் எஞ்சும் பொருளின் சமநிலை மாறுகிறது.

அமெரிக்காவில் பனிக்குடச் சவ்வைப் பொடியாக்கி ஊசி மருந்தாகவும், பனிநீரையும் அதன் நுண்குமிழிகளான எக்ஸோசோம்களையும் குப்பியில் அடைத்தும் விற்பனை செய்தனர். மூட்டுவலி முதல் நரம்பு நோய் வரை எல்லாவற்றுக்கும் தீர்வு என்ற விளம்பரங்கள் எழுந்தன. அந்நாட்டு உணவு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒரு கோட்டைப் போட்டது. சவ்வைச் சவ்வாகவே, மூடுவதற்கும் காப்பதற்கும் பயன்படுத்தினால் அது திசு. பொடியாக்கி ஊசியில் ஏற்றினால் அது மருந்து, மருந்துக்குரிய சோதனைகளைக் கடக்க வேண்டும். அதற்குக் கொடுத்த சலுகைக் காலம் 2021 மே 31இல் முடிந்தது. எக்ஸோசோம் பொருள்களால் நோயாளிகளுக்குத் தீங்கு நேர்ந்ததை ஒட்டி 2019 டிசம்பரில் அந்த அமைப்பு பொது எச்சரிக்கையும் விடுத்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், இரத்த நோய்களுக்கான தண்டுச் செல் மாற்றைத் தவிர மற்ற எல்லாத் தண்டுச் செல் சிகிச்சைகளையும் ஒப்புதல் பெற்ற சோதனைக்குள் மட்டுமே அனுமதிக்கின்றன.

சவ்வுக்கும் பொடிக்கும் இடையே அமெரிக்க அமைப்பு போட்ட கோடு சட்டத்தின் வசதிக்கானது என்று சிலர் குறைபடுகிறார்கள். ஆனால் செல் உயிரியல் அதை முழுமையாக ஆதரிக்கிறது. அரைக்கும்போது நீண்ட ஹயலூரோனன் நறுங்கக்கூடும். இழைமம் தரும் மென்மையான தளம் அழிகிறது. முழுச் சவ்வின் மேல் செய்த ஆய்வுகளின் பெருமையைப் பொடியின் உறையில் அச்சிடுவது அறிவியல் ஆகாது. பொடி நல்ல மருந்தாக இருக்கலாம். அதை அந்தப் பொடியைக் கொண்டே நிறுவ வேண்டும்.

நண்பர்களே, இந்த எட்டுக் கூறுகளிலிருந்தும் மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறேன்.

ஒன்று, மாணவர்களுக்கு. பனிக்குடப் பொருளை வைத்து ஆய்வு செய்தால், அது எந்த நிலையில் எடுக்கப்பட்டது, எவ்வாறு கழுவப்பட்டது, எந்த வெப்பநிலையில் வைக்கப்பட்டது, கதிர் எவ்வளவு பட்டது என்பதை முடிவுகளுக்குச் சமமான அக்கறையோடு எழுதுங்கள். ஒவ்வொரு தொகுதியையும் ஒரு செல்வளர்ப்புச் சோதனையால் அளந்து பாருங்கள். டி.ஜி.எஃப்-பீட்டா கொடுத்த நார்ச்செல்லில் மென்தசை ஆக்டின் எவ்வளவு குறைகிறது என்ற ஒரே அளவுகூடப் பல குழப்பங்களைத் தீர்க்கும்.

இரண்டு, மருத்துவமனை நிர்வாகங்களுக்கு. நம் அரசு மருத்துவமனைகளில் நடக்கும் மகப்பேறுகளின் எண்ணிக்கைக்கு முன், நமக்குத் தேவையான சவ்வு மிகச் சிறிது. திட்டமிட்ட அறுவைப் பேற்றில் எடுத்து, தாயின் இரத்தத்தில் எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை வைரஸ்கள், சிஃபிலிஸ் ஆகியவற்றைச் சோதித்து, ஆறு மாதம் கழித்து மறுபடியும் சோதித்து, அதன் பிறகே வெளிவிடும் முறையான திசு வங்கிகள் மாவட்டந்தோறும் எட்டும் தூரத்தில் இருந்தால், சுண்ணாம்பு பட்ட குழந்தையும் மருந்தால் கண் வெந்த நோயாளியும் காத்திருக்க வேண்டியதில்லை. அந்தச் சவ்வைத் தருகிற தாயிடம், அது எதற்குப் பயன்படும் என்பதை அவருக்கு விளங்கும் தமிழில் சொல்லி, அவருடைய இசைவைப் பெற வேண்டும். அவர் கொடையாளர். அவருக்கு அந்த மரியாதை உரியது.

மூன்று, பொதுமக்களுக்கும் நோயாளிகளின் குடும்பத்தாருக்கும். பனிக்குடத்திலிருந்து எடுத்தது, இயற்கையானது, தண்டுச் செல் நிறைந்தது என்ற சொற்களோடு யாராவது ஊசியைக் காட்டினால், இந்த நோய்க்கு, இந்தப் பொருளை, இதே வடிவில் மனிதரிடம் சோதித்திருக்கிறார்களா என்று கேளுங்கள். ஒப்புதல் பெற்ற சோதனை என்றால் அதற்குப் பதிவு எண் இருக்கும், சோதனை மருந்துக்காக உங்களிடம் பணம் கேட்க மாட்டார்கள்.

தழும்பாக்கும் ஆணையைத் தணிக்கத் தெரிந்த திசு ஒன்று ஒவ்வொரு பிறப்போடும் நம் கைக்கு வருகிறது. அதன் ஆற்றலை நம்புகிறவர்களுக்குத்தான் அதைத் துல்லியமாக அளக்கும் கடமை மற்றவர்களைவிட அதிகம். அந்தக் கடமையை இங்கே அமர்ந்திருக்கும் இளம் ஆய்வாளர்கள் ஏற்றுக்கொள்வார்கள் என்று உறுதியாக நம்புகிறேன்.